கொடைக்கானல் நடைப் பயண பேக்கேஜுக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

38,400 ரூபாய். மூன்று பேருக்கு நான்கு இரவு கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் தங்கல், காலைச் சாப்பாடு, தினமும் நடத்திக் கூட்டிப் போக ஒரு வழிகாட்டி, வனத்துறை அனுமதி, வண்டி மலை ஏற வேண்டிய இ-பாஸ், எல்லாம் அடக்கம் என்று சொல்லி வாங்கிய பணம். கிடைத்தது பெருமாள்மலைப் பக்கம், பஸ்ஸும் லாரியும் உறுமிக்கொண்டு போகிற ரோட்டோர லாட்ஜில் ஒரே ஒரு ராத்திரி. நேற்றுதான் மதுரை திரும்பினோம். சீசன் இன்னும் முடியவில்லை, இதே ஆளிடம் இன்னும் எத்தனை குடும்பம் மாட்டப் போகிறதோ என்றுதான் உடனே எழுதுகிறேன்.

கார் எடுத்துக்கொண்டு போய் தூண் பாறை, பைன் காடு என்று வரிசையில் நிற்கிற பயணம் எங்களுக்கு வேண்டாம். ஒரே ஹோட்டலில் பையை வைத்துவிட்டு, காலையில் அந்த வாசலிலிருந்தே நடக்க ஆரம்பித்து, வெயில் ஏறியதும் திரும்பி வந்து ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாள் பாம்பார் சோலைப் பக்கம், ஒரு நாள் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், ஒரு நாள் விடியற்காலையில் மேகம் மூடுவதற்குள் கோக்கர்ஸ் வாக். அம்மாவுக்கு நடக்கப் பிடிக்கும். மதுரையின் கத்திரி வெயிலில் வாசலைத் தாண்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரிப் பயணத்துக்கு ஹோட்டல் எங்கே இருக்கிறது என்பதுதான் உயிர். ரூம் சின்னதாக இருந்தால் பரவாயில்லை, டிவி இல்லாவிட்டால் நல்லது. ஆனால் பெருமாள்மலையில் கொண்டுபோய்ப் போட்டால், ஊருக்குள் போகவே பத்து கிலோமீட்டருக்கு மேல் வளைவு வளைவான மலை ரோடு. அதில் வயதானவர்களை எப்படி நடத்திக் கூட்டிப் போவது?

சுற்றுலா பேக்கேஜ் விற்கிற ஒரு செயலியில்தான் இந்த ஏற்பாட்டாளரைப் பிடித்தேன். ஆயிரக்கணக்கில் பேர் வைத்திருக்கிற செயலி. பணமும் அதற்குள்ளேயேதான் கட்டினேன். "பயணி போய்ச் சேர்ந்த பிறகே விற்பனையாளருக்குப் பணம் விடுவிக்கப்படும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்த ஆள் போனில் பேசிய விதம் இன்னும் காதில் நிற்கிறது. விலையைப் பற்றி முதலில் பேசவே இல்லை. "அக்கா, அம்மாவுக்கு முட்டி வலி இருக்கா? படி ஏறுவாங்களா?" என்றுதான் ஆரம்பித்தார். டால்பின் நோஸ் பாறைக்குப் போகலாமா என்று நான் கேட்டபோது, "வேணாங்க்கா. இறங்குறப்ப ஒண்ணும் தெரியாது, திரும்பி ஏறுறப்ப மூச்சு வாங்கும். அம்மாவுக்கு நான் வேற வழி பாத்து வச்சிருக்கேன், மரத்து நிழல்லயே போயிரலாம்" என்றார். வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியை யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? அம்மா காலையில் காபி குடிப்பாரா, கஞ்சி குடிப்பாரா என்று கேட்டு வைத்துக்கொண்டார். எங்கள் காருக்கு இ-பாஸ் எடுத்து அனுப்பினார். அது நிஜமான பாஸ்தான். அதற்கு 500 ரூபாய் சேர்த்திருந்தார். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் வந்த இ-பாஸுக்கு அரசாங்கம் ஒரு பைசா வாங்குவதில்லை.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறிக்கொண்டிருந்தபோது இருட்டிவிட்டது. அப்போது போன். "அக்கா, வட்டக்கானல் ரோட்ல மரம் விழுந்து கெடக்கு. இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் பெருமாள்மலைல நம்ம ரூம்ல தங்கிருங்க, காலைல ஜீப் அனுப்புறேன்." அவர் அனுப்பிய இடத்துக்குப் போனோம். அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குளிரில் நிற்கிறார், தம்பி பெட்டிகளை இறக்குகிறான். மறுபடியும் போன்: "ஒரு ஓடிபி வந்திருக்கும்க்கா, சொல்லிருங்க, அப்பதான் சாவி குடுப்பாங்க." சொன்னேன்.

அந்த ஓடிபி சாவிக்கு இல்லை. நான் பயணத்தைப் பெற்றுக்கொண்டேன் என்பதற்கான ஒப்புதல். அந்த நிமிஷமே 38,400 ரூபாயும் அவர் கைக்குப் போய்விட்டது.

காலையில் ஜீப் வந்தது, ஒரு பையனும் வந்தான். வட்டக்கானலுக்குப் போகவில்லை. ஏதோ எஸ்டேட் வழியாகப் போய், காட்டு ஓரத்தில் இறக்கி, ஒற்றையடிப் பாதையில் நடத்தினான். கொஞ்ச தூரத்திலேயே வனத்துறைக் காவலர் மறித்துவிட்டார். எனக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்த அனுமதிச் சீட்டைக் காட்டினேன். பார்த்ததும் சொல்லிவிட்டார்: "இது எங்க சீட்டே இல்லம்மா. இந்த வழியில யாருக்கும் அனுமதி கிடையாது. பெரியவங்களக் கூட்டிக்கிட்டு இந்த வெயில்ல காட்டுக்குள்ள வரலாமா?" அவர் நினைத்திருந்தால் எங்கள் மேல் வழக்குப் போட்டிருக்கலாம். தண்ணீர் கொடுத்து, ரோடு வரைக்கும் கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தால் பையனும் இல்லை, ஜீப்பும் இல்லை.

இதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்ட கண்ட வழியில் ஆட்களைக் கூட்டிப் போகக் கூடாது என்று அதற்குப் பிறகுதான் அரசாங்கம் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே கொண்டு வந்தது. இவ்வளவு நடந்த பிறகும் ஒருத்தன் கம்ப்யூட்டரில் ஒரு சீட்டைத் தயாரித்து, என் அம்மாவைக் கோடையில் காட்டுக்குள் அனுப்புகிறான்!

லாட்ஜுக்குத் திரும்பினால், "ஒரு ராத்திரிக்கு 1,400 ரூபாதாம்மா கட்டியிருக்காங்க, மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிருங்க" என்றார் அங்கிருந்த பெரியவர். வட்டக்கானல் ரோட்டில் மரம் ஏதும் விழவில்லை என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. சீசனில் வேறு எங்கே ரூம் கிடைக்கும்? கேட்ட இடமெல்லாம் நிறைந்திருந்தது. மலை இறங்கினோம்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். அந்த ஆள் முதலில் "டவர் இல்லக்கா" என்றார். அப்புறம் "மேனேஜர் லீவு". அப்புறம் போன் அணைந்துவிட்டது. செயலியின் உதவி எண்ணில் பேசிய பெண், "நீங்கள் செக்-இன் செய்ததாகப் பதிவாகியிருக்கிறது மேடம்" என்றார். இடமே வேறு என்று சொன்னால், "விற்பனையாளரிடம் பேசிக்கொள்ளுங்கள், நாங்கள் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே." லாட்ஜின் படம், போலிச் சீட்டு எல்லாம் அனுப்பினேன். ஏழு வேலை நாள் ஆகும் என்று ஒரு பதில் வந்தது. ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று இன்னொன்று. எது தீர்ந்தது? 38,400 ரூபாய் எங்கே?

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான். ரூமைக் கண்ணால் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். ஹோட்டல் எண்ணை நீங்களே தேடி எடுத்து, உங்கள் பெயரில் எத்தனை இரவு பதிவாகியிருக்கிறது என்று நேரடியாகக் கேளுங்கள். இ-பாஸ் இலவசம். காட்டு வழிக்கு அனுமதி வனத்துறை மட்டுமே தரும். 2024 அக்டோபரிலிருந்து 'ட்ரெக் தமிழ்நாடு' என்று அரசின் இணையதளமே இருக்கிறது, அதில் இல்லாத வழிக்கு எவன் சீட்டு அனுப்பினாலும் நம்பாதீர்கள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், தாமதித்தால் பணத்தை முடக்குவது கஷ்டம். நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நான் மதுரையில் போடப் போகிறேன்.

அந்த பேக்கேஜ் இன்று காலையிலும் விற்பனையில்தான் இருக்கிறது. வட்டக்கானல் பள்ளத்தாக்கைப் பார்த்த மர பால்கனி, அதில் இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு சிவப்புக் கம்பளி. இந்தப் படத்தைப் பார்த்தால் பணம் கட்டாதீர்கள்.