காடா, ஹெர்பேரியமா, விதை வங்கியா? பாதுகாப்பு ஆராய்ச்சிக்குப் போகிற தாவர மாணவர் எங்கே தொடங்கலாம்

தாவரச் சூழலியலில் முதுகலை முடித்துவிட்டு, அழிவின் விளிம்பில் உள்ள தாவரங்களைக் காக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் இளைஞருக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் தென்படும்: காட்டில் நிரந்தர ஆய்வுப் பிளாட் (அளந்து குறித்து, திரும்பத் திரும்பக் கணக்கெடுக்கும் நிலத்துண்டு), ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமிக்கும் இடம்), விதை வங்கி. எதில் சேர்ந்தால் சீக்கிரம் கட்டுரை வரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது வழக்கமாகிவிட்டது. எந்த வழி எந்தக் கேள்விக்குப் பதில் தரும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேகத்தில் ஹெர்பேரியத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒவ்வொரு உலர்தாள் மூலையிலும் சேகரித்தவர், தேதி, இடம், சில சமயம் உயரம் என்று ஒரு சீட்டு இருக்கும். ஓர் இனத்தின் தாள்களை எல்லாம் சேர்த்து வரைபடத்தில் புள்ளி வைத்தால் பரவல் எல்லை கிடைத்துவிடும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசிஎன் வெளியிடும், அழியும் ஆபத்துள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் இதற்கென்றே ஓர் அளவுகோல் உண்டு: பரவல் 5,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே இருந்து, துண்டுபட்ட வாழிடம், தொடரும் சரிவு போன்ற நிபந்தனைகளும் பொருந்தினால் ‘அருகிவரும் இனம்’. 100 சதுர கிலோமீட்டருக்கும் கீழே போனால் நிலைமை இன்னும் மோசம். ஆனால் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் பாதையோரமாகவே நடந்தவர்கள். பழைய சீட்டுகள் பலவற்றில் மலையின் பெயர் மட்டுமே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, செடி அன்று அங்கே இருந்தது என்பதைத்தான் தாள் சொல்லும். இன்று அது பிழைத்திருக்கிறதா என்று சொல்லாது.

அதைச் சொல்வது பிளாட். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980 வாக்கில் தொடங்கிய 50 ஹெக்டேர் பிளாட்டில், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டம் உள்ள தண்டுக்குக்கூட எண் உண்டு. சுமார் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப அளக்கிறார்கள். எது வளர்ந்தது, எது செத்தது, எது புதிதாக வந்தது என்று இப்படித்தான் தெரிகிறது.

பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு இதைவிட முக்கியமானது நாற்றுக் கணக்கு. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு, சருகை விலக்கி, விதையிலை வாடாத நாற்றுக்கெல்லாம் அடையாளம் கட்டிவிட்டு, அடுத்த பருவத்தில் திரும்பி வந்து எத்தனை மிஞ்சின என்று எண்ண வேண்டும். நூறடி மரங்கள் நிற்கும் காடு தூரத்தில் செழிப்பாகத்தான் தெரியும். முழங்கால் உயரக் கன்று ஒன்றுகூட இல்லையென்றால், அந்த இனத்துக்கு அங்கே அடுத்த தலைமுறை வரவில்லை என்று பொருள். இது செயற்கைக்கோள் படத்தில் தெரியாது, உலர்தாளிலும் தெரியாது. குறை என்னவென்றால், மரத்தின் ஆயுளுக்கு முன் முனைவர் பட்டக் காலம் ஒன்றுமே இல்லை. எனவே சொந்தமாகப் பிளாட் போடுவதைவிட, ஏற்கனவே நடக்கும் பிளாட்டில் சேர்வது மேல். அது வாய்க்காவிட்டால் சில ஆண்டுகளில் பூத்துக் காய்த்து முடியும் குறுஞ்செடியை எடுத்துக்கொள்ளலாம்.

விதை வங்கி கடைசிக் காப்பு. விதையைக் குறைந்த ஈரப்பதத்தில் உலர்த்தி மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் பல இனங்களின் விதை பல பத்தாண்டுகள் தாங்கும். மா, பலா போன்றவற்றின் விதையோ உலர்த்தினாலே செத்துவிடும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். தாவரத் தோட்டத்தில் வளர்த்துக் காப்பதற்கும் எல்லை உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1895-இல் கண்டெடுக்கப்பட்ட, பனை போலத் தோற்றமளிக்கும் வுட்ஸ் சைக்கட் இன்று பல தோட்டங்களில் நலமாக நிற்கிறது. எல்லாமே ஒரே ஆண் செடியின் கிளைக்கன்றுகள். பெண் செடி இன்றுவரை கிடைக்காததால் இந்த இனத்துக்குத் தன் விதை உண்டாக வழியில்லை.

என் தேர்வு பிளாட்தான், முதல் சில பருவங்களுக்காவது. தரவு அலசலைப் பிறகும் கற்றுக்கொள்ளலாம். காட்டில் தங்க முடியாத சூழ்நிலை உள்ளவர் ஹெர்பேரியத்தை எடுத்தால் அது எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல. ஐம்பது ஆண்டுகளாக யாரும் திரும்பச் சேகரிக்காத இனங்களின் பட்டியலை இடத்தோடும் பூக்கும் மாதத்தோடும் தயாரித்து, களத்தில் இருப்பவர் கையில் கொடுத்தால், அவர் எந்த மாதம் எந்தச் சரிவில் தேடுவது என்று தெரிந்துகொண்டே கிளம்புவார்.