பழைய லேப்டாப்பில் புது ஆபீஸ்: ஒரு வருஷத்துக்குப் பிறகு

என் லேப்டாப் 2017-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3 சிப். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், ஆகவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடியும் என்று தெரிந்ததும், ஒரு வருஷம் முன்பே லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிவிட்டேன். எக்செல், வேர்டு இடத்தில் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் பொருளாளர். 64 வீடுகளின் பராமரிப்புக் கணக்கு, மாதம் ஒரு சுற்றறிக்கை, அவ்வளவுதான் வேலை.

முதல் வாரம் கை தடுமாறியது தமிழில்தான். தட்டச்சுக்கு உதவும் ஐபஸ் எம்17என் மென்பொருளை நிறுவி, பட்டியலில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அ, ம, ம, ஆ என்று நாலு தட்டில் ‘அம்மா’ வந்துவிடும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். விரல் பழகிவிட்டால் அடியில் எந்த இயங்குதளம் ஓடுகிறது என்பதே மறந்துபோகும்.

என்னை உண்மையிலேயே கட்டிப்போட்டது எக்ஸ்லுக்கப், அதாவது கணக்குத் தாளில் ஒன்றைக் கொடுத்து அதற்கு நேரே இருப்பதைத் தேடித் தரும் சூத்திரம். இத்தனை வருஷம் அதே வேலைக்கான பழைய சூத்திரமான விலுக்கப்போடுதான் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். என் தாளில் முதல் நெடுவரிசையில் பெயர், மூன்றாவதில் வீட்டு எண். வீட்டு எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்டால் விலுக்கப் கைவிரித்துவிடும். தேடும் இடத்துக்கு வலப்பக்கம் இருப்பதைத்தான் அதற்கு எடுக்கத் தெரியும். நடுவில் ஒரு நெடுவரிசை சேர்த்தால் சூத்திரத்தில் உள்ள எண்ணையும் மாற்ற வேண்டும். எக்ஸ்லுக்கப்பில் இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. ஆள் கிடைக்காவிட்டால் என்ன காட்ட வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம். நான் ‘பாக்கி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அப்புறம் ஃபில்டர் சூத்திரம் ஒன்று போட்டால் பாக்கிக்காரர் பட்டியல் தனியாக வந்து நிற்கிறது. மாதக் கடைசியில் அரை நாள் தின்ற வேலை இப்போது ஒரு காபி ஆறுவதற்குள் முடிகிறது.

ஒரு சிக்கல் உண்டு. இந்தச் சூத்திரங்கள் லிப்ரே ஆபீசுக்கு வந்தது 2024 ஆகஸ்டில் வெளியான 24.8 பதிப்பில். மின்ட் 22-உடன் வருவதோ 24.2. சூத்திரத்தை அடித்துவிட்டுப் பிழைச் செய்தியைப் பார்த்து ஒரு மாலைப் பொழுது முழுக்க விழித்தேன். மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஃபிளாட்பேக் என்ற தனித் தொகுப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் புதிய பதிப்பு கிடைக்கும். எக்செல் 2019-இலும் அதற்கு முந்தியவற்றிலும் எக்ஸ்லுக்கப் கிடையாது என்பதால், ஆடிட்டருக்கு அனுப்பும் நகலில் சூத்திரங்களை எடுத்துவிட்டு மதிப்புகளை மட்டும் ஒட்டி அனுப்புகிறேன்.

கரண்ட் போனாலும் இப்போது பதற்றமில்லை. லேப்டாப் பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது. லிப்ரே ஆபீஸ் 24.2-இலிருந்து மீட்புத் தகவல் தானாகச் சேமிக்கும் வசதி இயல்பாகவே இயங்குகிறது. 10 நிமிடத்துக்கு ஒரு முறை என்று இருந்ததை 3 ஆக்கிக்கொண்டேன். ஆனால் இது கோப்பைச் சேமிப்பதாகாது. திடீரென்று அணைந்தால் மீட்டுத் தரும், அவ்வளவே.

விண்டோஸில் விட்டு வந்ததில் நான் தேடியது ஒன்றுதான்: விண்டோஸ் விசையோடு வி-யை அழுத்தினால் அண்மையில் நகலெடுத்தவை வரிசையாக வருமே, அது. இங்கே காப்பிக்யூ என்ற செயலியைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

எழுத்துரு விவகாரம் மட்டும் இன்னும் தீரவில்லை. எங்கள் செயலாளர் சுற்றறிக்கையை விண்டோஸில் நிர்மலா எழுத்துருவில் அடித்து அனுப்புவார். அது என்னிடம் இல்லாததால் நோட்டோ என்ற வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும். வரிகள் நகர்ந்து, நாலு பக்கம் ஐந்தாகிவிடும். ஒரு முறை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் ‘இப்படிக்கு, செயலாளர்’ மட்டும் தனியாக நின்றது. “என்ன சார், எனக்குத் தனிப் பக்கமா?” என்று சிரித்தார். அன்றிலிருந்து பிடிஎஃப்பாகத்தான் அனுப்புகிறார்.