வள்ளி கும்மி வீடியோவைச் சுருக்க: எக்ஸ்264-ஆ, எக்ஸ்265-ஆ, ஏவி1-ஆ?

கும்மி அரங்கேற்றம் முடிந்த மறுநாளே ஊர் வாட்ஸ்அப் குழுவில், "வீடியோ எப்பங்க வரும்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கேமராக்காரர் தருவதோ பல ஜிபி. அதைக் கட்டளை வரியில் சுருக்க எஃப்எஃப்எம்பெக், ஹேண்ட்பிரேக் சிஎல்ஐ இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஹேண்ட்பிரேக்கில் ஒரு பிரீசெட்டின் (முன்கூட்டியே தயாராக உள்ள அமைப்பு) பெயரைச் சொன்னால் போதும், புதியவருக்கு அதுதான் சுலபம். ஆனால் அது படத்தை எப்போதும் மறுபடி என்கோட் செய்யும், அதாவது புதிதாகச் சுருக்கி எழுதும். கேமரா துண்டு துண்டாகத் தந்ததை ஒட்டவோ, எம்கேவியை எம்பி4 ஆக்கவோ என்கோடிங் பெரும்பாலும் தேவையே இல்லை. எஃப்எஃப்எம்பெக்கில் '-சி காப்பி' போட்டால் தரம் துளியும் குறையாது, கோப்பை நகலெடுக்கிற நேரத்தில் வேலை முடிந்துவிடும். என் ஓட்டு எஃப்எஃப்எம்பெக்குக்கே.

அப்புறம்தான் உண்மையான சிக்கல், கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை. கும்மியைச் சுருக்குவது லேசுப்பட்ட வேலையல்ல. ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கானோர் வட்டம் போட்டு ஆடுகிறார்கள். ஜரிகை மின்னுகிறது, காலடியில் புழுதி எழும்புகிறது. பிரேமுக்குப் பிரேம் பாதிப் படம் மாறிவிடுவதால் முந்தைய பிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள அதிகம் மிஞ்சாது. இரவுப் பதிவென்றால் இருட்டுப் பகுதியில் நெளியும் புள்ளிகளும் பிட்டுகளைத் தின்னும். பிட்ரேட்டை (நொடிக்குச் செலவாகும் பிட்டுகளின் அளவு) ஒரே எண்ணில் கட்டிவைத்தால், பாட்டு வேகம் பிடிக்கிற இடத்தில் கால்கள் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். சிஆர்எஃப் முறை தரத்தைப் பிடித்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் பிட்டுகளைத் தாராளமாகச் செலவழிக்கும். கும்மிக்கு அதுதான் சரி.

ஒன்றைக் கவனியுங்கள்: சிஆர்எஃப் எண் என்கோடருக்கு (சுருக்கும் மென்பொருள்) என்கோடர் வேறு. ஒன்றும் குறிப்பிடாவிட்டால் எக்ஸ்264 எடுத்துக்கொள்வது 23, எக்ஸ்265 எடுத்துக்கொள்வது 28. எண் குறைந்தால் தரமும் அளவும் கூடும். எக்ஸ்264-இல் ஆறு கூட்டினால் அளவு ஏறக்குறைய பாதியாகும்.

ஏவி1 2018-இல் வந்தது, உரிமக் கட்டணம் கிடையாது, மூன்றிலும் நன்றாகச் சுருக்குவதும் அதுவே. ஆனால் பழைய டிவிகளில் ஓடாது. ஊருக்குள் கொடுக்க இப்போதைக்கு வேண்டாம்.

எக்ஸ்265 அதே தரத்தைக் கணிசமாகச் சிறிய கோப்பில் தரும், ஆனால் என்கோட் ஆக நேரம் பிடிக்கும். பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால், "ஏஞ் சாமி, எம்பட டிவியில சத்தம் மட்டும் வருது, படத்தக் காணோமே" என்று பெரியவர்கள் கேட்பார்கள். எக்ஸ்264 உருவாக்கும் வடிவமான ஹெச்.264 2003-இலேயே தரநிலையாகிவிட்டது, அதற்கு அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. அதனால் ஊருக்குக் கொடுக்க எக்ஸ்264, 720பி, சிஆர்எஃப் 22. பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபி-க்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, இரண்டாக வெட்டிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னொரு முறை நசுக்கும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

சேமித்து வைக்க எக்ஸ்265, சிஆர்எஃப் 20, 'ஸ்லோ' பிரீசெட். பாட்டும் மேளமும் மங்காமல் இருக்க ஒலியைக் 'காப்பி'யிலேயே விடுங்கள். 2024-இல் பத்மஸ்ரீ பெற்ற பத்ரப்பன் போன்ற மூத்த ஆசான்கள் பாடிய பதிவு கையில் இருந்தால், எந்தக் கோடெக்கில் சுருக்கினாலும் மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதாவிட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.