சாந்திநிகேதனா, சேவாகிராமமா?

இரண்டுமே பாடப்புத்தகத்தை மட்டும் நம்பாத பள்ளிகள். தாகூர் 1901-இல் தொடங்கிய சாந்திநிகேதனில் மரத்தடி வகுப்பு, பாட்டு, ஓவியம், நாடகம். காந்தி 1937-இல் வார்தா மாநாட்டில் முன்வைத்த, பின்பு வார்தா அருகே அவருடைய சேவாகிராம ஆசிரமத்தில் நடந்த ஆதாரக் கல்வியிலோ கைத்தொழில்தான் நடுநாயகம். தக்ளியில் (கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கதிர்) நூற்கும் பிள்ளை, நூலை அளக்கும்போதே கணக்கு கற்கும். பருத்தி எங்கே விளைகிறது என்று கேட்டால் புவியியல் வந்துவிடும். ஏழு ஆண்டுகள், தாய்மொழியில்.

சரி, குறையே இல்லையா? பிள்ளைகள் செய்ததை விற்று ஆசிரியர் சம்பளத்தை ஈட்டலாம் என்ற எண்ணம் எனக்கு உறுத்துகிறது. அந்த இடத்தில் தாகூர் பக்கம்தான் சாய்வேன். கையில் ஒரு தொழில் வேண்டுமென்றால் சேவாகிராமம்.

இரண்டும் எதிரிகள் அல்ல. சேவாகிராமக் கல்விப் பணியை நடத்திய ஆரியநாயகம், இலங்கைத் தமிழர். அதற்கு முன் சாந்திநிகேதனில் தாகூரோடு இருந்தவர்.