லூட்-ங்கற வார்த்தைய தேடப் போய் கிடைச்ச அகராதி: ஹாப்சன்-ஜாப்சன் ரிவ்யூ

இங்கிலீஷ்ல கொள்ளைக்கு 'லூட்'னு சொல்றாங்கல்ல, அது எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு நாள் நைட் தேட ஆரம்பிச்சு கடைசில ஹாப்சன்-ஜாப்சன் அகராதில போய் நின்னேன், இந்தியால இருந்த வெள்ளைக்காரங்க இங்கிலீஷ்ல கலந்து பேசின நம்மூர் வார்த்தைகளுக்கான பழைய அகராதி அது. சிகாகோ யுனிவர்சிட்டி சைட்ல 1903 எடிஷன் முழுசா இருக்கு, காசு கிடையாது. ரெண்டு மாசமா விடாம படிக்கிறேன்.

சாதாரண டிக்‌ஷனரில "இந்திச் சொல்"னு ஒரு வரியோட முடிச்சுடுவாங்க. இதுல இந்தி லூட், அதுக்கும் பின்னாடி சமஸ்கிருத வேர் எல்லாம் சொல்லிட்டு, 1788ல வந்த ஒரு சொற்பட்டியல்லயே இது இருக்குன்னு காட்டுறாங்க. அதுக்கப்புறம் தான் முக்கியமான விஷயம், இந்தியால இருந்த வெள்ளைக்காரங்க மட்டும் பேசிட்டிருந்த வார்த்தை 1841 சீனப் போர், 1854-55 கிரிமியப் போர், 1857-58 சிப்பாய் கலகம்னு இந்தக் காலத்துல தான் கொஞ்சம் கொஞ்சமா இங்கிலாந்துக்குள்ளயே புழக்கத்துக்கு வந்துச்சாம். பட்டாளம் போன வழியிலயே வார்த்தையும் போயிருக்கு. படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

'டகாய்ட்' (கூட்டமா கொள்ளையடிக்கறவன்) பக்கமும் நல்லா இருக்கு, அஞ்சு பேராவது சேர்ந்து செஞ்சா தான் சட்டப்படி அந்தப் பேருன்னு போட்டிருக்கு, 2024 வரைக்கும் இருந்த நம்ம இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 391வது பிரிவுலயும் அதே அஞ்சு தான்.

'தக்' (இங்கிலீஷ்ல thug) மட்டும் ஜாக்கிரதையா படிங்க. மூல அர்த்தம் ஏமாத்துக்காரன் தான்னு சரியா சொல்லிடுறாங்க, ஆனா மீதி விவரமெல்லாம் பிரிட்டிஷ் ஆபீசருங்க பார்வைல எழுதினது, அந்தக் காலத்து ஆணவம் அங்கங்க தெரியுது, எனக்கு கோவமே வந்துச்சு. ஸ்பெல்லிங்கும் பழசு, தஞ்சாவூர் வேணும்னா டான்ஜோர்னு தான் தேடணும்.

தஞ்சாவூர்னதும் சொல்லணும், இதை எழுதின ரெண்டு பேர்ல பர்னெல் அங்க தான் ஜட்ஜா இருந்தாரு. 1882ல அவர் இறந்துட்டாரு, அதுக்கப்புறம் யூல் தனியா முடிச்சு 1886ல கொண்டு வந்தாரு. அவ்ளோ உழைப்பு, ஒவ்வொரு வார்த்தைக்கும் வருஷம் போட்டு பழைய கடிதம், பயணக்குறிப்புலேருந்து வரிகளை எடுத்து அடுக்கியிருக்காங்க.

மொழி மேல ஆசை இருக்கறவங்க கண்டிப்பா பாருங்க. லூட் முடிச்சுட்டு அப்படியே செரூட், கேட்டமரான், மல்லிகடானி தேடுங்க, நம்ம சுருட்டும் கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் எந்த வருஷம் யார் எழுத்துல ஏறுச்சுன்னு வரிசையா வரும்.