ரிவர்ஸ் இன்ஜினியரிங்குக்கு எந்தக் கணினி? ஓசூரிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளில் பழைய இயந்திரங்கள் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. அவற்றுக்கு மென்பொருள் எழுதியவர்கள்தாம் இல்லை. மூல நிரல் இல்லாத அந்தக் கோப்புகளைப் பிரித்துப் படித்து, இயந்திரம் கணினியோடு எப்படிப் பேசுகிறது என்று கண்டறிவது என் தொழில்; இதைத்தான் ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்கிறார்கள். அதற்கென்றே பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் உதிரிகள் வாங்கிப் பூட்டிய ரைசன் 7 7700 பிராசஸர் கொண்ட கணினியைப் பற்றி, கோடையும் மழையும் பார்த்தபின் எழுதுகிறேன்.

இப்படிக் கோப்புகளைப் பிரித்துப் படிக்க நான் பயன்படுத்தும் மென்பொருள்கள் ஐடிஏ, கீட்ரா. ஐடிஏவில் ஒரு கோப்பைத் திறந்ததும் நடக்கும் தானியங்கி ஆய்வு பெரும்பாலும் பிராசஸரின் ஒரே கோரில்தான், அதாவது கணக்கிடும் ஒரே பகுதியில்தான், ஓடுகிறது. கீட்ராவும் சில கட்டங்களில் மட்டுமே வேலையைப் பல கோர்களுக்குப் பகிர்கிறது. எனவே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகமே முக்கியம். 7700-இல் 8 கோர்கள், வேகம் 5.3 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டும். பெரிய ஃபர்ம்வேரை (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளை) ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போகும் வழக்கம் எனக்கு நின்றேவிட்டது. ஃபஸ்ஸிங், அதாவது தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்து மென்பொருளின் பிழைகளைத் தேடுவது, செய்பவர்களின் கணக்கு வேறு. அதற்கான ஏஎஃப்எல்++ கருவி கோருக்கு ஒன்றாக ஓடக்கூடியது. அவர்கள் கோர்களுக்கே பணம் போடலாம்.

நினைவகத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. 64 ஜிபி போட்டேன், 32 ஜிபி குச்சிகள் இரண்டாக. இந்தப் பிராசஸர் வரிசையில் இரண்டு குச்சிகளுக்கு அதிகாரபூர்வ வேகம் டிடிஆர்5-5200. நான்கு போட்டால் 3600 ஆகக் குறைகிறது. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. இன்னொன்று: கீட்ரா ஜாவாவில் ஓடுவதால், நாம் எதுவும் சொல்லாவிட்டால் மொத்த நினைவகத்தில் கால் பங்கோடு நின்றுவிடும். அதைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் மேக்ஸ்மெம் என்ற நினைவக உச்சவரம்பை உயர்த்திய பிறகுதான் போட்ட பணத்தின் பலன் தெரிந்தது. மிச்சம் விர்ச்சுவல் மெஷின்களுக்கு, அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினிகளுக்கு.

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கவில்லை. பிராசஸருக்குள்ளேயே இருப்பது திரைக்குப் போதும்; இயந்திர நிரலைப் படிக்கக்கூடிய நிரலாக மாற்றும் டீகம்பைலருக்குத் தனிக் கார்டால் பயன் இல்லை. ஹாஷ்களாக உருமாற்றிச் சேமித்த கடவுச்சொற்களைக் கண்டுபிடிக்கும் வேலை இருந்தால் மட்டும் யோசியுங்கள். என்விஎம்இ எஸ்எஸ்டியின் வேகம் ஆய்வில் அவ்வளவாகத் தெரியவில்லை, விர்ச்சுவல் மெஷினின் நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்து மீட்கும்போது நன்றாகவே தெரிகிறது.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஆகியிருக்கும் பணத்தை யுபிஎஸ்ஸில் போட்டேன். என் தேர்வுகளிலேயே சிறந்தது அதுதான். ஐடிஏ தன் தரவுத்தளத்தைப் பல கோப்புகளாக விரித்துவைத்தே வேலை செய்கிறது. நடுவில் மின்சாரம் போனால் அவை சிதையக்கூடும். பெயரிட்டு, குறிப்பெழுதி வைத்த உழைப்பும் அதோடு போகும். சைன் அலை தரும் யுபிஎஸ்ஸாகப் பார்த்து வாங்குங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தை இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்கள், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டிகள், சில, மலிவான யுபிஎஸ்கள் தரும் படிக்கட்டு வடிவ அலை வந்தால் அணைந்துவிடுகின்றன. 65 வாட் வகைப் பிராசஸர் என்பதால் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்குகிறது.

தர்மபுரியில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர், எதை விற்று இப்படியொரு கணினி வாங்குவது என்று கேட்டார். எதையும் விற்க வேண்டாம். கீட்ரா 2019 முதல் இலவசம். கையில் இருக்கும் மடிக்கணினியில் நினைவகத்தை 16 ஜிபியாக்கி, ஒரு சிறிய ரவுட்டர் ஃபர்ம்வேரோடு தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.