தீவகத்தில் வளவு வாங்க நினைப்பவர்கள் முற்பணம் கொடுக்குமுன் இதை வாசியுங்கள்

நேற்றுப் பிற்பகல் யாழ்ப்பாண நகரில் உள்ள ஒரு காணி விற்பனை நிலையத்திலிருந்து வெறுங்கையுடன் திரும்பினேன். நயினாதீவில் ஒரு வளவுக்கு முற்பணமாக நான் கொடுத்த 6 இலட்சம் ரூபாய் இனித் திரும்பாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அதே வளவின் படம், அதே கிணற்றுடன், இன்று காலையும் அவர்களுடைய விளம்பரத்தில் இருப்பதைக் கண்ட பிறகு வாய்மூடி இருக்க மனம் ஒப்பவில்லை. முறைப்பாடு செய்திருப்பதால் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், வவுனியா வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுப் பகுதியில் குடியேறுவதென்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். புங்குடுதீவா, நயினாதீவா என்பதில்தான் மாதக்கணக்காக இழுபட்டோம். இடையில் கிடப்பது சிறிய கடல்தான் என்றாலும், வாழப் போகிறவருக்கு அது சிறிதன்று. புங்குடுதீவுக்குக் கடலின் குறுக்கே போட்ட வீதியான பண்ணைத் தாம்போதியால் வேலணைத் தீவுக்கு வந்து, வாணர் தாம்போதியைக் கடந்து, தரைவழியாகவே போய்விடலாம். நள்ளிரவில் நெஞ்சு வலித்தாலும் ஒரு வாகனத்தைப் பிடித்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வந்துவிடலாம். நயினாதீவுக்கோ புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையோடு வீதி முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் படகையும் கடலின் குணத்தையும் நம்பித்தான் இருக்க வேண்டும். ஆனால் அது என் மனைவியின் தாய்வழி ஊர். நாகபூசணி அம்மன் கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் இருந்தால் போதும் என்றார் அவர். நான் வீதியைச் சொன்னேன், அவர் கோயிலைச் சொன்னார்.

இந்த இழுபறியைத் தீர்த்தது தண்ணீர். புங்குடுதீவில் நாங்கள் பார்த்த மூன்று வளவுகளிலும் கிணற்று நீர் சவராக, உப்புக் கரித்து இருந்தது. அந்த வேளையில்தான், 'நயினாதீவில் நன்னீர்க் கிணற்றுடன் 4 பரப்பு வளவு' என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. மார்கழிக் கடைசியில் அந்த நிலையத்தின் முகவர் எங்களைப் படகில் கூட்டிச் சென்றார். மனைவி ஏறும்போது கைபிடித்து ஏற்றினார், கோயிலில் எங்கள் பெயரில் அர்ச்சனை செய்வித்தார், பிறகு வளவுக்குள் போய்த் தாமே வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளி ஒரு செம்பில் ஊற்றி என்னிடம் நீட்டினார். "மாஸ்டர், நீங்களே குடிச்சுப் பாருங்கோ. பிறகு நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை." குடித்தேன். இளநீரைப் போல இருந்தது. மனைவி மீதியை வாங்கிக் குடித்துவிட்டுக் கண்கலங்கினார். அந்த நொடியில் வீதி, வைத்தியசாலை, இரவுப் பயணம் எல்லாம் என் மனத்திலிருந்து அகன்றன. இரவில் அவசரம் வந்தால் எந்நேரமும் படகு ஒழுங்கு செய்யலாம் என்று முகவர் சொன்னதையும் அப்படியே நம்பினேன்.

தை பிறந்ததும் 6 இலட்சம் ரூபாயை முற்பணமாகக் கொடுத்தேன். நிலையத்தின் முத்திரை குத்திய ஒரு பற்றுச்சீட்டு மட்டுமே தந்தார்கள். பங்குனிக்குள் காணி உறுதிப் பத்திரம் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். பங்குனி போனது, சித்திரை போனது.

ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவுக்குப் போனபோது வளவையும் எட்டிப் பார்த்தோம். அதே கிணறு, அதே வாளி. வாயில் வைத்த தண்ணீரைத் துப்ப வேண்டியதாயிற்று. வேலிக்கு அப்பால் நின்ற ஒரு வயதான அம்மா, "மாரியிலதான் அது நல்ல தண்ணி, தம்பி. இப்ப குளிக்கவும் ஏலாது" என்றார். தாங்கள் குடிநீரை வேறிடத்திலிருந்து சுமப்பதாகவும் சொன்னார். மழைநீர் நிலத்துள் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய ஏடுபோல மிதந்து நிற்பதால்தான் இத்தகைய தீவுகளில் நன்னீர் கிடைக்கிறது. மழை ஓய்ந்து வெயில் ஏறும்போதும், மோட்டாரால் அளவுக்கு மேல் இறைக்கும்போதும் அந்த ஏடு சுருங்கிக் கீழிருந்து உப்பு மேலேறுகிறது. முகவருக்கு இது தெரியாதிருக்க வழியில்லை. அவர் மார்கழியைத் தேர்ந்தெடுத்தே எங்களைக் கூட்டிப் போனார்.

தண்ணீரோடு முடிந்திருந்தால் கூடப் பொறுத்திருப்பேன். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்தபோது, அந்த வளவு நான்கு சகோதரருக்கும் பிரிக்கப்படாத பங்காக இருப்பது தெரிந்தது. மூவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். விற்பனை பற்றி அவர்களுக்கு ஒரு சொல்லும் போகவில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி ஒருவர் தம் பங்கை விற்பதென்றால், மற்றப் பங்காளிகளுக்கு முறையான அறிவித்தல் கொடுத்து, அவர்கள் வாங்குவதற்கு முதல் வாய்ப்பு அளிக்க வேண்டும்.

அதற்குப் பின் நான் ஏறி இறங்கிய கதையைச் சொல்லி மாளாது. முதல் முறை, பொறுப்பாளர் கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். இரண்டாம் முறை தேநீர் கொடுத்து இரண்டு மணி நேரம் இருத்தி வைத்துவிட்டு, கணக்காளர் விடுமுறை என்றார்கள். செம்பு நீட்டிய முகவர் என் தொலைபேசி அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார். நேற்று, பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருந்த 'முற்பணம் மீளளிக்கப்படாது' என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினார்கள். 6 இலட்சம் ரூபாய், ஐயா, என் ஓய்வுக்காலப் பணம் என்றேன். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

தீவகத்தில் காணி வாங்குவது பற்றி விரிவாக எழுத வேண்டுமென்றுதான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, இவ்வளவுதான் முடிகிறது. கிணற்று நீரை ஆடி, ஆவணியில் குடித்துப் பாருங்கள், மாரியில் வேண்டாம். அயலவரிடம் தனியாகப் போய்க் கேளுங்கள். காணி பற்றிய ஒப்பந்தம், உறுதி எழுத அதிகாரம் பெற்ற நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அது செல்லாது என்று சட்டத்தரணி எனக்கு இப்போதுதான் விளக்கினார்; பற்றுச்சீட்டை நம்பி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பதிவகத்தில் தேடுவதற்கு முன் எந்தக் காணிக்கும் விலை பேச வேண்டாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை முகவரிடம் கேட்காமல், இறங்குதுறையில் நிற்பவர்களிடம் கேளுங்கள்.